கேளுங்கள், அது உங்கள் நூலகம்!

உங்கள் வீட்டுவரி ரசீதைக் கையில் எடுங்கள். வீட்டுவரிக்கு அடுத்து ‘நூலக வரி’ என்று ஒரு தொகை இருக்கும். வரியில் ரூபாய்க்கு 10 பைசா. ஊராட்சியில் குடியிருந்தாலும் மாநகராட்சியில் குடியிருந்தாலும் அதைக் கட்டுகிறீர்கள். வாடகைக்குக் குடியிருப்பவரும் தன் வாடகைக்குள் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

பிறகு ஏன் தயக்கம்? நூலகத்தின் கூரை ஒழுகுகிறது, கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லப் போகும்போது குரல் ஏன் இறங்குகிறது? “ஏதோ பார்த்துச் செய்யுங்க சார்” என்று ஏன் கைகட்டி நிற்கிறோம்? நிமிர்ந்து நில்லுங்கள்! நீங்கள் சலுகை கேட்கவில்லை. கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்கிறீர்கள்.

நூலகரால் முடியாதது உங்களால் முடியும்

தமிழ்நாட்டில் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்று எங்கு போனாலும் ‘வாசகர் வட்டம்’ என்ற பெயரைக் கேட்கலாம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. பேச்சுப்போட்டி நடக்கும், பொன்னாடை போர்த்துவார்கள், படம் எடுப்பார்கள். நல்லது, நடக்கட்டும். ஆனால் மற்ற நாள்களில் அந்த வட்டம் எங்கே போகிறது?

உங்கள் நூலகரைப் பாருங்கள். புத்தகம் வழங்குகிறார், சந்தா வாங்குகிறார், அலமாரி துடைக்கிறார். பல ஊர்களில் ஒரே ஆள்தான் எல்லாவற்றுக்கும். அவர் அரசு ஊழியர். கட்டடம் மோசம், ஆள் போதவில்லை என்று பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்க அவரால் முடியாது. உங்களால் முடியும்! உங்களுக்கு இடமாறுதல் கிடையாது, மெமோ கிடையாது. அவர் விழுங்கிக்கொள்ளும் வார்த்தைகளை உரக்கச் சொல்லத்தான் வாசகர் வட்டம் இருக்கிறது.

இருபது ஆண்டு விடாப்பிடி

“நாலு பேர் சேர்ந்து என்ன கிழித்துவிட முடியும்?” என்று கேட்பவர்களுக்கு நம் மண்ணே பதில் வைத்திருக்கிறது.

1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. அதன் செயலாளர் எஸ்.ஆர்.ரங்கநாதன், கணக்குப் பேராசிரியராக இருந்து நூலகரானவர். அந்தச் சங்கத்திடம் அதிகாரம் எதுவும் இல்லை. பேச்சும் எழுத்தும் பிடிவாதமும் இருந்தன. 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன நூலகம் இதே எழுச்சியின் காலத்தில் பிறந்ததுதான். 1933இல் பஷீர் அகமது சயீத் நூலக மசோதாவைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. முயற்சி தோற்றது என்று அவர்கள் கலைந்து போனார்களா? மீண்டும் எழுதினார்கள், மீண்டும் கேட்டார்கள். 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது! உங்கள் ரசீதில் இருக்கும் நூலக வரி அந்தச் சட்டம் கொடுத்தது.

இருபது ஆண்டு கேட்டு வாங்கிய சட்டம் நம் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த இருபது நாள் அலைய மாட்டோமா?

எப்படிக் கேட்பது?

முதலில் கணக்கு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு வாரம் முறைவைத்து நூலகத்தில் உட்காருங்கள். நூலகத்தின் பதிவேட்டில் வந்தவர்கள் கையெழுத்து இருக்கும். திரும்பிப் போனவர்கள் இருக்கமாட்டார்கள். அவர்களை நீங்கள் எழுதுங்கள். நாற்காலி இல்லாமல் போன டிஎன்பிஎஸ்சி மாணவர்கள் எத்தனை பேர்? வேலை முடிந்து வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? படி ஏற முடியாமல் வாசலிலேயே நின்ற பெரியவர்கள் எத்தனை பேர்? கேட்டும் கிடைக்காத புத்தகங்கள் எவை? அந்த நோட்டுக்கு முன்னால் “இப்பல்லாம் யார் சார் படிக்கிறாங்க?” என்ற பேச்சு நிற்காது.

அடுத்து காகிதம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். மூன்றே கேள்வி போதும்: கடந்த மூன்று ஆண்டுகளில் நம் உள்ளாட்சி வசூலித்த நூலக வரி எவ்வளவு? அதில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு? நிலுவை எவ்வளவு? 30 நாளில் பதில் தர வேண்டும். வசூலித்த வரி நூலகத்துக்குப் போய்ச் சேராமல் நிலுவையில் நின்றால், உங்கள் போராட்டத்தின் முதல் கோரிக்கை அந்தப் பதில் கடிதத்திலேயே இருக்கிறது.

மனு எழுதும்போது ‘நூலகத்தை மேம்படுத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். அதை யாரும் மறுக்கவும் மாட்டார்கள், நிறைவேற்றவும் மாட்டார்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை: வாசலில் சாய்தளம் வேண்டும், காலியாக இருக்கும் நூலகர் பணியிடத்தை நிரப்ப வேண்டும். யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். நோட்டில் எடுத்த கணக்கை இணையுங்கள். ஒப்புகை ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

பிறகு சபை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே நூலகத்துக்காகத் தீர்மானம் கேளுங்கள். நகரத்தில் இருக்கிறீர்களா? வார்டு கவுன்சிலரை நூலகத்துக்கே அழைத்து வாருங்கள். அந்த ஒழுகும் இடத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டம். தொகுதி மேம்பாட்டு நிதி எம்எல்ஏவிடம் இருக்கிறது. கதவுகள் நிறைய; தட்டத்தான் ஆள் வேண்டும்.

தனியாகப் போகாதீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் வரட்டும், ஆட்டோ ஓட்டும் அண்ணன் வரட்டும், மகளிர் குழு அக்கா வரட்டும், பத்தாம் வகுப்புப் பிள்ளையும் வரட்டும். கட்சி பேதம் வாசலோடு நிற்கட்டும். ஒருவர் போனால் ‘புகார்க்காரர்’ என்பார்கள். ஊரே போனால் நாற்காலி போட்டுப் பேசுவார்கள்.

ஒரு எச்சரிக்கை

உதவி செய்யுங்கள், ஆனால் ஏமாறாதீர்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள், புரவலராகுங்கள், நல்ல புத்தகங்களைக் கொடுங்கள். ஆனால் காலிப் பணியிடத்துக்குச் சம்பளமில்லாத பதில் ஆளாகப் போகாதீர்கள். “அதான் நீங்களே திறந்து பார்த்துக்கறீங்களே” என்று சொல்லி அந்தப் பணியிடத்தை ஒரேயடியாக மறந்துவிடுவார்கள். உங்கள் உழைப்பு நூலகருக்குத் துணையாக இருக்கட்டும். அவர் இடம் அவருக்கே!

குரல் கொடுத்தால் நிற்கும்

சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டே, 2011 நவம்பரில், அந்தக் கட்டடம் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்படும் என்று அறிவிப்பு வந்தது. எழுத்தாளர்களும் மாணவர்களும் வாசகர்களும் கொதித்தெழுந்தார்கள். நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் இன்றும் நூலகமாகவே நிற்கிறது. அரசு அறிவிப்புக்கே அன்று நாம் பணியவில்லை. உள்ளூர் அலட்சியத்துக்கா பணிந்துவிடுவோம்?

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். பி.என்.பணிக்கர் என்ற ஆசிரியர் 1945இல் 47 கிராம நூலகங்களை அம்பலப்புழையில் ஒன்றுசேர்த்தார். சங்கம் வளர்ந்தது; கேரளம் முழுவதும் நூலகங்கள் எழுந்தன; அவர் நினைவு நாளான ஜூன் 19 இன்று அங்கே வாசிப்பு நாள். ஊர் ஊராக நடந்த ஒரு வாத்தியாரால் அது முடிந்தது. உங்களுக்கு பஸ் இருக்கிறது, போன் இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

முதல் மனுவுக்குப் பதில் வராது. வரட்டும் என்று காத்திருக்காமல் இரண்டாவதை எழுதுங்கள். அதிகாரி மாறுவார், புதியவரிடம் பழைய ஒப்புகை ரசீதுகளோடு போங்கள். வேலை நடந்தால் மேடை போட்டு நன்றி சொல்லுங்கள்; மறுநாள் அடுத்த கோரிக்கையோடு நில்லுங்கள்.

தோழர்களே, தோழியரே! இந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரைக் கூட்டுங்கள். வீட்டுவரி ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில், அடுத்த குறைதீர் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்!