சிங்குத்தரக் குன்றில் மறைந்திருந்தவை



வெளிநாடுகளில் வளரும் நம் பிள்ளைகளிடையே ஒரு விளையாட்டு பரவியிருக்கிறது. ஜியோகேச்சிங் என்று பெயர். 2000ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் அறிவித்ததில் தொடங்கியது. கையில் கருவியோடு மலைப்பாதை ஏறித் தேட வேண்டும். கண்டவர் உள்ளேயிருக்கும் ஏட்டில் பெயர் எழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் இன்னொன்றை வைக்க வேண்டும். பெட்டியை இருந்த இடத்திலேயே மறைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இதைக் கேட்டதும், இது நம் யாங்கூன் கதையல்லவா என்று நமக்குத் தோன்றியது.

பெகு யோமா மலைத்தொடர் தெற்கே இறங்கி வந்து முடியும் இடத்தில் இருக்கிறது சிங்குத்தரக் குன்று. இன்று 326 அடி உயர ஷ்வேடகோன் பகோடா அதன் உச்சியில்தான் நிற்கிறது. தபுசன், பல்லிகன் என்ற இரு வணிக சகோதரர்கள் புத்த பகவானிடம் பெற்ற எட்டுக் கேசங்களோடு நாடு திரும்பினார்களாம். முந்தைய மூன்று புத்தர்களின் கைத்தடி, நீர் வடிகட்டி, ஆடைத்துண்டு ஆகியவை புதைந்திருக்கும் இடத்தில்தான் அவற்றையும் வைக்க வேண்டும். ஆனால் அந்த இடம் எது? ஒக்கலப மன்னருக்குத் தெரியவில்லை. பர்மியர் தஜாமின் என்று வணங்கும் தேவராஜன், நம் இந்திரனேதான், உதவிக்கு இறங்கி வந்தான். அவனுக்கும் தெரியவில்லை!

கடைசியில் தெரிந்திருந்தது சூலே என்ற கிழட்டு நாட் தேவதைக்கு. கண்ணிமைகள் அவ்வளவு தளர்ந்து போயிருந்தனவாம். மரங்களை முட்டுக் கொடுத்துத்தான் அவற்றைத் தூக்க வேண்டியிருந்தது என்று ஒரு வழக்கு. காளியம்மன் கோயிலுக்குப் போகும்போது நாம் சுற்றிக்கொண்டு போகிறோமே, அந்தச் சூலே பகோடா இந்தத் தேவதையின் பெயரால் வழங்குவதுதான்.

தேவலோகத்தை ஆள்பவனே ஒரு கிழவரின் இமையைத் தூக்கிப் பிடித்துக் கேட்க வேண்டியிருந்தது. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? குலதெய்வம் எது, பூர்வீக ஊர் எது என்று பேரனைக் கேட்டால் விழிக்கிறான். 1942இல் குண்டு விழுந்தபோது எத்தனையோ குடும்பங்கள் மலைக் கணவாய்களில் நடந்தே தாயகம் போயின. 1964இல் கடைகள் அரசுடைமையானபின் கப்பல் ஏறியவர்கள் இன்னும் பலர். காகிதங்கள் போயின, பெட்டிகள் போயின. தங்கிவிட்ட குடும்பங்களில் ஊர்ப்பெயரும் தெய்வத்தின் பெயரும் திண்ணையில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் பாட்டியின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. எந்தச் செயற்கைக்கோளும் அந்த இடத்தைக் காட்டாது. பாட்டி கண் திறந்திருக்கும்போதே கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போமாக.

சகோதரர்கள் கண்டுபிடித்தபின் செய்ததுதான் நமக்கு மிகவும் பிடித்த பகுதி. கிடைத்ததை ஊருக்கு எடுத்துப் போகவில்லை. பழைய மூன்றோடு தாங்கள் கொண்டுவந்த எட்டையும் சேர்த்து வைத்து மூடி, மேலே தூபியை எழுப்பினார்கள். நாமோ சந்நிதியில் நின்றால் பரீட்சை, விசா, வீடு என்று கேட்டு வாங்கவே வருகிறோம். (கேட்பது தவறில்லை, தாயிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?) நாம் அங்கே எதை வைத்துவிட்டு வந்தோம் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

எடுத்துப் போக வந்தவர்களும் உண்டு. சிரியத்தை ஆண்ட போர்ச்சுகீசியன் டி பிரிட்டோ 1608இல் தம்மசேதி மன்னரின் மாமணியைக் கழற்றிப் பீரங்கி வார்க்கக் கொண்டுபோனான். அது ஆற்றில் மூழ்கியது. எத்தனையோ பேர் தேடியும் கிடைத்தபாடில்லை. முதல் பர்மா யுத்தத்தில் வந்த ஆங்கிலேயர் தூபிக்குள்ளேயே சுரங்கம் தோண்டினார்கள்; 1825இல் சிங்கு மன்னரின் மணியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோக முயன்றார்கள். அதுவும் ஆற்றில் விழுந்தது. அவர்களால் தூக்க முடியவில்லை. "நாங்கள் எடுத்தால் திருப்பித் தருவீர்களா?" என்று பர்மிய மக்கள் கேட்டார்கள். ஒப்புக்கொண்டதும் மூங்கில்களைக் கட்டி மிதக்கவிட்டு மேலே கொண்டுவந்தார்கள். சுமார் 23 டன் எடையுள்ள அந்த மணி இன்றும் பகோடா முற்றத்தின் வடமேற்கில் தொங்குகிறது. அடுத்த முறை போகும்போது பிள்ளைகளிடம் காட்டுங்கள். அவர்கள் கையாலேயே அடிக்கட்டும்.