டாக்டர் பட்டமும் ஒரு டிரங்குப் பெட்டியும்

சென்ற ஆண்டு திருவண்ணாமலைக் கல்லூரி ஒன்றில் எனக்கு ஒரு விசித்திரமான மரியாதை கிடைத்தது. என் நாவல்களைப் பற்றி ஆய்வேடு எழுதியிருந்த ஓர் இளைஞருக்கு அன்று டாக்டர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. “ஐயா வந்து உட்கார்ந்தால் போதும்” என்று வேண்டிக் கேட்டுக்கொண்டார். போனேன். தன்னைப் பற்றிய பேச்சைக் கேட்க எந்த எழுத்தாளனுக்குத்தான் ஆசையில்லை!

ஆய்வேடு முந்நூறு பக்கம். பெண் பாத்திரங்கள் ஓர் இயல், சமுதாயச் சிந்தனை ஓர் இயல், உவமைகள் ஓர் இயல். நான் எத்தனை உவமைகள் எழுதியிருக்கிறேன் என்பதை அன்றுதான் அறிந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டுக்கும் விடை ஆய்வேட்டிலேயே இருந்தது. கைதட்டினார்கள், சால்வை போர்த்தினார்கள், பிறகு வடை பாயசத்தோடு விருந்து. விருந்துச் செலவு அந்த இளைஞருடையது. அதற்காக அவர் தங்கையின் வளையல் அடகுக் கடைக்குப் போயிருக்கிறது என்பது மாலையில்தான் எனக்குத் தெரிந்தது.

மாலையில் அவரோடு கிரிவலப் பாதையில் நடந்தேன். பௌர்ணமி இல்லை, கூட்டமும் இல்லை. 14 கிலோமீட்டரில் என் முழங்காலுக்கு இரண்டு போதும். “தம்பி, என்னை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று கேட்டேன். ஒரு புகழுரையை எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

“நான் எடுக்க நினைத்தது தெருக்கூத்து, ஐயா. எங்கள் தாத்தா கூத்து வாத்தியார். ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பாட்டு நோட்டுகள் வைத்திருந்தார். அச்சில் வந்த பாட்டு ஒன்று, அவர் பாடுவது வேறொன்று. ஏன் அப்படி என்று தேட நினைத்தேன். எங்கள் நெறியாளர் நல்லவர். ‘மேற்கோள் காட்ட அதற்குப் புத்தகம் கிடையாது, ஊர் ஊராக அலைய வேண்டும், ஆறு வருஷத்துக்குள் முடித்தாக வேண்டுமே, நாவல் எடுத்துக்கொள்’ என்றார். உங்கள் நாவல்கள் எல்லாம் நூலகத்திலேயே இருந்தன.”

“தாத்தா?”

“நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது காலமாகிவிட்டார்.”

இதில் யார் பொய் சொன்னது? இளைஞர் இராப்பகலாக உழைத்திருக்கிறார். நெறியாளர் மாணவனின் நன்மையை நினைத்துத்தான் சொன்னார். தேர்வாளர் விதிப்படி கேட்டார். ஆனாலும் எங்கோ ஒரு பொய் நடந்திருக்கிறது என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

விதிகளுக்குக் குறைவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று 2009ல் பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது. காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. 2022ல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். எழுத்துத் திருட்டுக்கு 2018ல் ஓர் அளவுகோல் வந்தது. பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவிகிதம் வரை இருந்தால் தண்டனையில்லை. 60 சதவிகிதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. வேண்டியதுதான். ஆனால் நம் இளைஞர் எந்த அளவுகோலிலும் அகப்பட மாட்டார். ஆய்வேட்டில் ஒரு வரிகூடப் பிறருடையது இல்லை. கேள்விதான் அவருடையது இல்லை.

உ. வே. சாமிநாதையருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1932ல் டாக்டர் பட்டம் கொடுத்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1880ல், கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப் அவரிடம், சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தாதியும் பிள்ளைத்தமிழுமாக மலைமலையாகப் படித்திருந்த ஐயருக்குத் தம் அறியாமை உறைத்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1887ல், சீவக சிந்தாமணி அச்சாகி வந்தது. தெரியாது என்று உறைத்த இடத்தில்தான் அவருடைய ஆராய்ச்சி தொடங்கிற்று.

ஆய்வுக்குப் பதிவு செய்ய வரும் மாணவனிடம் “உனக்கு என்ன தெரியாது?” என்று கேட்டு, அதைத் தேடி அலைய அவனுக்குக் காலமும் காசும் கொடுத்தால், பாதிச் சீர்திருத்தம் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. காசையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தங்கையின் வளையலை அடகு வைத்தவரிடம் ‘உண்மையைத் தேடு’ என்று வெறுங்கையோடு உபதேசிக்க எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அவர் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, பின்னிணைப்பில் சேர்ப்பதற்காக என்னிடம் பேட்டி எடுக்க வந்தார். மூன்று மணி நேரம் பேசினோம். பேசினேன் என்பதுதான் சரி. “உங்கள் ஊர் எது, வீட்டில் யார் என்ன செய்கிறார்கள்?” என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. தாத்தா அப்போது உயிரோடு இருந்தார்.

செங்கம் சாலையிலேயே திரும்பிவிட்டோம். இருட்டத் தொடங்கியிருந்தது.

“அந்தப் பெட்டி?” என்றேன்.

“இருக்கிறது, ஐயா. பாதி நோட்டுகளைச் செல்லரித்துவிட்டது. மிச்சத்தைப் படிக்கலாம், மெட்டுத்தான் எனக்குத் தெரியாது.”

“நாளைக்குப் பார்க்கலாமா?”

“நாளைக்கு ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா?”

ஞாயிற்றுக்கிழமை வரை ஊரில் தங்கினேன்.