எதுல?

பைத்தான் நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பிடம் ‘ஆப்பிள்’ என்ற சொல்லையும் 5 என்ற எண்ணையும் கொடுத்து, எது பெரியது என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்லும்: சொல்தான் பெரியது. 5-க்குப் பதிலாக ஐந்து கோடியைக் கொடுத்தாலும் அதே பதில்தான். இதற்குப் பின்னால் ஆழமான காரணம் எதுவும் கிடையாது. கலவையான பட்டியலைக் கொடுத்தாலும் வரிசைப்படுத்தித் தர வேண்டும், அதற்காக எண்கள் முதலில், மற்றவை வகைப்பெயரின் அகரவரிசையில் என்று உள்ளே ஓர் ஏற்பாடு. அவ்வளவுதான்.

2008 டிசம்பரில் வெளியான மூன்றாம் பதிப்பு இந்தப் பழக்கத்தைக் கைவிட்டது. அதே கேள்வியைக் கேட்டால் ‘டைப் எரர்’ என்று சொல்லி நின்றுவிடும். இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. இரண்டும் சமமா என்று கேட்டுப் பாருங்கள், பிழை வராது. ‘இல்லை’ என்று ஒழுங்காகப் பதில் வரும். எது பெரியது என்ற கேள்விக்கு மட்டும்தான் மறுப்பு. அதாவது, வேறாக இருப்பது என்பது ஒன்று, குறைவாக இருப்பது என்பது இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தானாக வழி கிடையாது.

நாம் அந்த வழியைத் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறோம். “அவன் அமெரிக்கா போய் வீடே கட்டிட்டான், நீ இன்னும் இங்கயே கெடக்க” என்கிறது ஒரு குரல். இங்கேயே இருப்பவன் அப்பாவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறவனாக இருக்கலாம். இரண்டு வாழ்க்கையும் சமமில்லை, உண்மைதான். ஆனால் எது பெரியது? பழைய பைத்தான் போல நம்மிடம் உடனே ஒரு பதில் தயாராக இருக்கிறது.

“அப்போ எதையுமே ஒப்பிடக் கூடாதா? சீட்டு கொஞ்சம்தானே இருக்கு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பகிர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும்போது வரிசை தேவைதான். நிரலில் இதற்கு ‘கீ’ என்ற ஒன்றைக் கொடுப்போம்: நீளத்தை வைத்து அடுக்கு, தேதியை வைத்து அடுக்கு என்று. அப்போது வரிசையில் நிற்பவை பொருள்கள் போலத் தெரிந்தாலும், உண்மையில் ஒப்பிடப்படுபவை அந்தக் கீக்கள் மட்டும்தான்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் அப்படிப்பட்ட ஒரு கீ. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. இருவருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பிறந்த தேதி வரைக்கும் ஒன்றாக இருந்துவிட்டால் கடைசியாக ரேண்டம் எண். யாருடையது பெரிய எண்ணோ அவர் முன்னால்.

அந்த ரேண்டம் எண்ணைக் கண்டு மாணவர்கள் அஞ்சலாம். அந்த மொத்த ஏற்பாட்டிலும் நேர்மையான பகுதி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களில் யார் சிறந்தவர் என்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் ஒருவருக்குத்தான் இடம் இருக்கிறது, ஆகவே இப்படிச் செய்கிறோம் என்று அது ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. முன்னால் நிற்பவன் அதைத் தன் தகுதி என்று சொல்லிக்கொள்ள முடியாது. பின்னால் நிற்பவனும் அதைத் தன் குறை என்று நினைக்க வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், கீ மறந்துபோய் வரிசை மட்டும் மிஞ்சும்போது. 198 எடுத்தவர், 160 எடுத்தவர் என்பது ஒரு சேர்க்கைக்கான தகவல். பத்து வருடம் கழித்தும் அது ஒருவரின் உயரமாகவே பேசப்படுகிறது. அலுவலக அப்ரைசலிலும் இதே கதைதான். ஒருத்தி எழுதும் நிரல் நள்ளிரவில் உடையாது. இன்னொருத்தி புதிதாகச் சேர்ந்த நான்கு பேரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். சம்பள உயர்வுக்கான பணம் அளவாகத்தான் இருக்கும்; யாருக்கோ 4, யாருக்கோ 3 போட்டுத்தான் ஆக வேண்டும். போடுகிறவர் எதை வைத்துப் போட்டார் என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்பதே என் கட்சி. “இந்த வருஷம் புரொடக்‌ஷன் பிரச்சினைகளைக் கணக்கில் எடுத்தோம், சொல்லிக்கொடுத்ததை எடுக்கவில்லை” என்று சொன்னால் 3 வாங்கியவளுக்குக் கோபம் வரலாம், சண்டையும் போடலாம். ஆனால் அது கீயின் மீதான சண்டை. வீட்டுக்குப் போய்த் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு படுக்க மாட்டாள்.

யாராவது ‘அவன் உன்னைவிடப் பெரியவன்’ என்று சொன்னால், நம் பேச்சுத் தமிழில் அதற்கு நல்ல எதிர்க்கேள்வி இருக்கிறது: “எதுல?” பதில் சொல்ல முடியாதவர்களிடமிருந்து அந்தத் தீர்ப்பை நாம் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.