வீடு தேடி வரும் மருத்துவமும் அதைச் சுமப்பவரும்

மருத்துவமனை இலவசம், மாத்திரை இலவசம், பெண்களுக்கு நகரப் பேருந்தும் இலவசம். இருந்தும் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் முதியவர்களின் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் பாதியில் நின்றுபோவது உண்டு. குமராட்சிப் பக்கத்தில் நடவுக்கும் களைக்கும் போய் உடல் தேய்ந்த ஒரு மூதாட்டிக்குச் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டாத இடமல்ல. ஆனால் மூட்டுவலியோடு பேருந்துப் படி ஏற வேண்டும், ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். துணைக்கு வருபவருக்கு அன்றைய கூலி போகும். பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது; அரிசி, பருப்பு, மின்கட்டணம் போக அதில் ஆட்டோவுக்கு என்ன மிஞ்சும்? பக்கவாதம் வந்து விழுந்தால் அதே மருத்துவமனை அவரைச் சேர்த்துக்கொள்ளும். 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கென 2024 அக்டோபரில் மத்திய அரசு விரிவாக்கிய 5 லட்சம் ரூபாய்க் காப்பீடும் மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் கைகொடுக்கும். விழாமல் காப்பது யார் பொறுப்பு?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்தப் பொறுப்பை அரசினுடையது என்று ஏற்றது. அதன் பலம் அதன் குழுவில் இருக்கிறது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார். படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைச் செவிலியர் பார்க்கிறார். பக்கவாதத்தில் மடங்கிப்போன கையை இயன்முறை மருத்துவர் நீட்டிப் பழக்குகிறார். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் பைகள் வீடு வந்து சேர்கின்றன. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் இவர்களுக்குப் பின்னால் நிற்கிறார். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது, அதற்குத் தகுதியானதுதான்.

ஆனால் இந்தக் குழுவில் தெரு முழுவதும் நடப்பவர் யார்? மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த ஒரு பெண். அவருக்குக் கிடைப்பது மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. நிரந்தரப் பணி இல்லை, ஓய்வூதியம் இல்லை. தொகையை உயர்த்தக் கேட்டு இவர்கள் தெருவில் இறங்கிப் போராடியும் இருக்கிறார்கள். இன்று அடுத்தவர் வீட்டு முதியவரின் முதுமையைத் தாங்கும் இந்தப் பெண் நாளை தம் முதுமையில் எதைக் கொண்டு வாழ்வார்? ஓர் ஏழையின் உரிமையை இன்னொரு ஏழையின் மலிவான உழைப்பால் நிறைவேற்றுவது நியாயமா என்ற கேள்வியைத் திட்டத்தின் வெற்றி மறைத்துவிடக் கூடாது.

எதிர்வாதங்கள் வலுவில்லாதவை அல்ல. எல்லோருக்கும் அரசு ஊதியம் என்றால் திட்டம் இவ்வளவு விரைவில் ஊர் ஊராகப் பரவியிருக்காது. அதுவரை மாத்திரையின்றி இருந்திருக்க வேண்டியவர்கள் முதியவர்களே. அதே தெருப் பெண் என்பதால்தான் கிழவி கதவைத் திறக்கிறாள், மாத்திரையை விழுங்காமல் அரிசிப் பானையில் போட்டு வைத்ததையும் ஒப்புக்கொள்கிறாள் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த நெருக்கம் ஊதியம் கூடியதும் மறைந்துவிடாது. பிரேசில் 1994இல் குடும்ப சுகாதாரக் குழுக்களைத் தொடங்கியபோதும் அதே பகுதியில் வாழ்பவர்களைத்தான் சுகாதார முகவர்களாக அமர்த்தியது. 2014இல் அவர்களுக்கு நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச ஊதியத்தைச் சட்டமாக்கியது.

அந்த நெருக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தம் நோய் தெரிவதை விரும்பாத முதியவர் இருப்பார். ஊரையும் காலனியையும் பிரித்து வைத்திருக்கும் இடங்களில் யார் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார முடியும் என்பதும் சிகிச்சையில் சேர்த்தியே. இதையெல்லாம் தனியாகச் சமாளிக்கும்படி தன்னார்வலரை விட்டுவிட்டால் அவரைக் குழுவில் ஒருவர் என்று சொல்வதில் பொருளில்லை. நோயாளியின் ரகசியத்தைக் காக்கப் பயிற்சி வேண்டும். அவமதிப்பு நேர்ந்தால் முறையிட ஓர் அதிகாரி வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். எத்தனை பேருக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது என்பது கணக்கில் ஏறும். கண்புரையால் மாத்திரை அட்டையின் நிறமே தெரியாத முதியவரோடு கால் மணி நேரம் உட்கார்ந்து காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்று பிரித்துக் கொடுத்தது எந்தக் கட்டத்தில் ஏறும்? எண்ணிக்கைக்கு விரட்டினால் முதலில் குறைவது இந்தக் கால் மணி நேரம்தான். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து கரையோரக் குடும்பங்கள் முகாமுக்குப் போகும்போது யாருக்கு இன்சுலின் வேண்டும், யாரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லக்கூடியவரும் அப்படி உட்கார்ந்து பேசியவர்தான்.

எனவே பணம் குறைவாக இருந்தால், புதிய சேவைகளைச் சேர்ப்பதற்கும் இருப்பவற்றை விரிவாக்குவதற்கும் முன் இந்தப் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் காப்பீடும் தருவதே சரி. அதற்கு ஒரு விலை உண்டு. கிள்ளையிலோ பரங்கிப்பேட்டையிலோ ஒருவர் இயன்முறை சிகிச்சைக்கு இன்னும் சில மாதம் கூடுதலாகக் காத்திருக்க நேரலாம். அது சிறிய இழப்பன்று. மடங்கிய கைக்குச் சில மாதம் என்பது நீண்ட காலம். நிதி ஒதுக்குபவர்கள் அந்த இழப்புக்குச் சட்டமன்றத்தில் வெளிப்படையாகப் பதில் சொல்லட்டும். இன்று அதற்கான பதிலை, வீட்டு வாசலில் நிற்கும் தன்னார்வலர்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.