வழி சொல்வதும் ஈகையே

உரிமை ஒன்று அரசின் ஏட்டில் இருக்கிறது. அதற்கு உரியவர் ஊரில் இருக்கிறார். இரண்டுக்கும் இடையே அறியாமையும் அச்சமும் ஒரு நாள் கூலியும் குறுக்கே நிற்கின்றன. இந்நிலையில் அந்த உரிமை அவருக்கு உண்டு என்போமா, இல்லை என்போமா? சட்டம் உண்டு என்கிறது. அவரது வாழ்க்கை இல்லை என்கிறது. விவரம் அறிந்தும் அவருக்கு அருகிலேயே வாழும் நமக்கு இதில் கடமை ஏதேனும் உண்டா என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க விழையும் கேள்வி.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் வழியில் உள்ள இண்டூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் மனத்தில் கொள்வோம். பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ராகியும் நிலக்கடலையும் மரவள்ளியும் மழையை நம்பி விளைகின்றன. மழை பொய்த்த ஆண்டில் இளைஞர்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்குப் பனியன் வேலைக்கும் புறப்பட்டுப் போகிறார்கள். இத்தகைய வீட்டில் ஒருவருக்கு இதய நோயோ சிறுநீரக நோயோ வந்துவிட்டால், முதலில் ஆடு போகிறது, பிறகு மாடு, பிறகு மனைவியின் தாலிக்கொடி, இறுதியில் அரை ஏக்கர் நிலம். நோயாளி பிழைத்து எழும்போது குடும்பம் படுத்துவிடுகிறது.

இந்த வீழ்ச்சியைத் தடுக்கவே காப்பீடு ஏற்பட்டது. தமிழ்நாட்டில் 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. அதன் இடத்தில் 2012 ஜனவரி 11 அன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-இல் நடுவண் அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இதனோடு இணைக்கப்பட்டு, ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி செய்யப்பட்டது. குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. 2022-இல் அது 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சை முறைகள் இதில் அடங்குகின்றன. ஏழைக் குடும்பம் தவணைத் தொகையாக ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. அதை அரசே செலுத்துகிறது.

இவ்வளவு இருந்தும், எல்லாரும் உள்ளே வந்துவிடவில்லை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஓர் உறுப்பினருக்கேனும் மருத்துவக் காப்பீடு இருந்த குடும்பங்கள் இந்தியாவில் நூற்றுக்கு 41 மட்டுமே. தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. எஞ்சிய ஒரு பங்கில் வசதி படைத்தோரும் இருக்கலாம். ஆனால் தகுதி இருந்தும் பெயர் பதியாத ஏழைகள் அங்கே இருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை.

ஏன் பதியவில்லை? பதிவுக்கு வேண்டியவை மிகுதியல்ல: குடும்ப அட்டை, ஆதார் அட்டை, கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்கு ஒரு பயணம். படித்தவருக்கு இது அரை நாள் வேலை. கூலித் தொழிலாளிக்கோ இது இழந்த கூலி, பேருந்துச் செலவு, அலுவலகத்தில் யாரிடம் என்ன கேட்பது என்ற கூச்சம். சான்று தருபவர் அன்று வெளியே போயிருந்தால், மறுநாள் கூலியும் போயிற்று. மருமகளாக வந்தவளின் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருக்கிறது. குழந்தையின் பெயர் எந்த அட்டையிலும் ஏறவில்லை. கணவரோ பெங்களூரில் இருக்கிறார். காப்பீடு என்ற சொல்லைக் கேட்டதுமே, தவணை வாங்கிக்கொண்டு ஓடிப்போன சீட்டுக் கம்பெனி நினைவுக்கு வருகிறது. இவற்றில் எதையும் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது.

“தேவைப்படுபவர் தாமே தேடி வரட்டும், அறியாமை அவரவர் குறை” என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அறிவு என்பது மழைபோல் எல்லார் மீதும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. நாளிதழ் வரும் வீட்டுக்கும் அரசு ஊழியர் இருக்கும் வீட்டுக்கும் செய்தி தானே வந்து சேர்கிறது. யாருக்கு அச்செய்தி மிகவும் தேவையோ, அவருக்கே அது கடைசியாகக் கிட்டுகிறது. நலமாக இருக்கும்போது நோயை எண்ணாதிருப்பது மனித இயல்பு. நோய் வந்த பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் மனைவியிடம் சான்றிதழ் கேட்பது கொடுமை. எனவே, தேடி வராததைக் குற்றமாகக் கொள்ளும் முன், தேடிச் செல்லாததை நாம் என்னவென்று சொல்வது?

இன்னொரு வாதமும் உண்டு; அது இதைவிட ஆழமானது. “நோயுற்றவருக்கு மருத்துவம் செய்ய அட்டை எதற்கு? பதிவு எதற்கு? உயிருக்கு உரிமை இருந்தால் போதாதா?” இக்கேள்வி நியாயமானது. அரசே சில இடங்களில் இதற்குச் செவிசாய்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்குக் காப்பீட்டு அட்டை உண்டா என்று பாராமல் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு வழி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று, நம் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து வீட்டுக்கே போகலாம் என்றால், காப்பீட்டுப் பதிவும் வீட்டுக்கே போகலாம் அல்லவா? பதிவே தேவைப்படாத நாள் வர வேண்டும் என்று நாம் விரும்புவோம். ஆனால் அந்த நாள் வரும் வரையில் இன்றைய நோயாளி காத்திருக்க இயலாது.

இங்கே தமிழ் மரபு நமக்கு ஓர் அரிய பாடத்தை வைத்திருக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சேர்ந்தவை. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையில் வாடி எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, ‘இன்ன வழியே செல், இன்னாரைக் காண், உன் துயரும் தீரும்’ என்று வழிப்படுத்துவதே அதன் பொருள். தொல்காப்பியமும் இதனைப் பேசுகிறது. நம் தருமபுரி அன்றைய தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் ஊர். அக்கொடையைப் போற்றும் சிறுபாணாற்றுப்படையும் இவ்வகை நூலே. அதியமானின் கொடையை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் கொடையாளியைப் போலவே வழி சொன்னவனும் ஓர் இலக்கிய வகைக்கே நாயகன் ஆனான் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கொடுப்பவன் ஓரிடத்தில் இருக்கிறான். பசித்தவன் வேறிடத்தில் இருக்கிறான். வழி சொல்பவன் இல்லையேல் கொடை பாதியிலேயே நின்றுவிடுகிறது.

ஒன்றை மட்டும் வேறுபடுத்திக் கொள்ள வேண்டும். அன்றைய பாணன் வேண்டிச் சென்றது வள்ளலின் பரிசில். இன்றைய ஏழை பெறுவது மக்களின் வரிப்பணத்திலிருந்து அவருக்கு உரிய பங்கு. ஆகவே பதிவு செய்து தருபவர் யாரும் தாமே அள்ளிக் கொடுத்ததுபோல் நிற்க இடமில்லை. அட்டையைக் காட்டி வாக்குக் கேட்பதும், படிவத்துக்குத் தரகு வாங்குவதும், நோயாளியின் பெயரையும் நோயையும் ஊரறியப் பேசுவதும் வழிகாட்டும் செயல் ஆகா.

வழிகாட்டி உண்மை பேசவும் வேண்டும். மலைபடுகடாத்தில் வழி சொல்பவன் நன்னனின் வளத்தை மட்டும் பாடிவிட்டு நிறுத்தவில்லை. மலைவழியில் உள்ள இடர்களையும் ஒன்றொன்றாக எடுத்துரைத்தான். அதுபோல, இந்த அட்டை எல்லா நோய்க்கும் எல்லா மருத்துவமனையிலும் செல்லாது என்பதையும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையிலேயே பயன்படும் என்பதையும், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கும் செலவுக்கெல்லாம் இது உதவாது என்பதையும் முன்னரே சொல்லிவிட வேண்டும். மிகையாகச் சொல்லிச் சேர்த்த அட்டை, மருத்துவமனை வாசலில் பொய்த்துப் போனால், அந்த ஒரு குடும்பம் மட்டுமல்ல, அந்தத் தெருவே இனி யாரையும் நம்பாது.

இப்பணியை யார் செய்வது? ஆற்றுப்படையில் விடை இருக்கிறது: முன்னரே பெற்றவர் செய்ய வேண்டும். இத்திட்டத்தால் அறுவை சிகிச்சை பெற்று நலமாக வீடு திரும்பிய ஒருவர், அடுத்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொல்லும் சொல்லுக்கு உள்ள வலிமை எந்தச் சுவரொட்டிக்கும் இல்லை. மகளிர் சுய உதவிக் குழுவினர் தம் கூட்டத்தில், யார் வீட்டில் அட்டை இல்லை என்று ஒரு முறை கேட்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை, விடுமுறையில் தன் தெருவில் குடும்ப அட்டைகளைப் பார்த்து விடுபட்ட பெயர்களைக் குறித்துத் தரலாம். வண்டி வைத்திருப்பவர் ஒரு முதியவரைத் தருமபுரிக்கு அழைத்துச் சென்று, பதிவு முடியும் வரை உடனிருந்து, வீடு கொண்டுவந்து சேர்க்கலாம். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. அரை நாள் நேரமும் பொறுமையும் போதும்.

தெரிந்தவர் தெரியாதவருக்குக் கடன்பட்டவர் என்பதே நம் முடிவு. பசித்தவனுக்குச் சோறு இடுவது அறம் என்று நாம் நன்கு அறிவோம். அவன் பெயரிலேயே சோறு வைக்கப்பட்டிருக்கும் இடத்தை அறிந்தும் அவனிடம் சொல்லாதிருப்பது அறமாகுமா? கையிலிருந்து கொடுக்க ஒன்றும் இல்லாதவரும் செய்யக்கூடிய ஈகை இது. இண்டூரின் ஏதோ ஒரு தெருவில், இன்று நலமாக இருக்கும் ஒரு வீட்டின் கதவை நோய் நாளை தட்டலாம். அதற்கு முன் நாம் தட்டிவிடுவோம்.