குழந்தைக் கதைகளில் ஆணும் பெண்ணும்

நாவலையும் சிறுகதையையும் சமுதாயக் கண்கொண்டு நோக்கப் பழகிய நாம், குழந்தைகளுக்குச் சொல்லப்படும் கதையையும் அதன் இன்றைய வாரிசாகிய கார்ட்டூன் படத்தையும் வெறும் பொழுதுபோக்கென விட்டுவிடுகிறோம். ஆயின், ஆணுக்கு எது தகும், பெண்ணுக்கு எது தகும் என்னும் பாடத்தைப் பிள்ளை பாடசாலைக்கு வருமுன்னரே கற்றுவிடுகிறது. அதைக் கற்பிப்பனவற்றுள் கதைகளின் பங்கு சிறிதன்று. அப்பாடம் மனித இயல்பிலிருந்து பிறந்ததா, மனிதர் சிலர் ஆக்கி வைத்ததா என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் வினா.

“கதை கதைதானே, பூசணிக்காய் வண்டியாக மாறுமென எந்தப் பிள்ளை நம்புகிறது?” எனச் சிலர் கேட்கலாம். பூசணிக்காயைப் பிள்ளை நம்புவதில்லை என்பது உண்மையே. ஆனால் அவ்வண்டியில் ஏறும் சின்ட்ரெல்லா எதை நாடிச் செல்கிறாள் என்பதை அது நம்பிவிடுகிறது. அற்புதம் வியப்பைத் தருவது. ஆதலால் ஐயத்தையும் எழுப்புகிறது. வழமையோ வியப்பைத் தருவதில்லை. அதனால் ஐயத்துக்கும் இடமளிப்பதில்லை. காத்திருப்பவள் பெண், வந்து மீட்பவன் ஆண், இளையவள் நல்லவள், அதிகாரம் விரும்பும் மூத்தவள் சூனியக்காரி என்பன போன்ற கருத்துக்கள் அற்புதத்தின் நிழலில் ஓசையின்றி உள்ளே புகுகின்றன.

இவை தொன்றுதொட்டு வந்த கதைகள், மாற்றத்துக்கு அப்பாற்பட்டவை என்னும் வாதமும் உண்டு. வரலாறு அதற்குத் துணை நிற்கவில்லை. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் பதிவு செய்யப்பட்ட ஒரு வாய்மொழிக் கதையில், சிறுமி தன் அறிவாலேயே தப்புகிறாள். வெளியே போகவேண்டுமெனச் சொல்லிப் புறப்பட்டு, காலில் கட்டப்பட்ட கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். எழுத்து வடிவங்களுக்கு முந்திய மரபின் சாயல் இதில் உண்டென அறிஞர் பலர் கருதுவர். பதினான்காம் லூயியின் அரசவைச் சூழலில் வாழ்ந்த சார்ல் பெரோ 1697 இல் வெளியிட்ட கதையிலோ சிறுமி ஓநாய்க்கு இரையாகிறாள். அந்நியரோடு பேசலாகாது எனப் பெண்களுக்கு நீதியும் புகட்டப்படுகிறது. 1812 இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர் வெளியிட்ட கதையில் வேடன் ஒருவன் வந்து அவளை மீட்கிறான். தானே தப்பியவள் முதலில் தண்டிக்கப்பட்டாள், பின்னர் மீட்கப்பட்டாள்.

‘ஸ்னோ வைட்’ கதையும் இத்தகையதே. 1812 ஆம் ஆண்டுப் பதிப்பில் மகளைக் கொல்ல முயல்பவள் பெற்ற தாயே. 1819 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாயாக்கப்பட்டாள். தாய்மையைப் புனிதமாக்கிய நடுத்தர வர்க்கக் குடும்பத்துக்கு அத்தாய் ஒவ்வாதவளானாள். பழி மாற்றாந்தாய் தலையில் விழுந்தது. 1937 இல் வால்ட் டிஸ்னி அக்கதையைப் படமாக்கியபோது மேலும் மாற்றங்கள் நேர்ந்தன. கிரிம் கதையில் குள்ளர்கள் தங்குமிடத்துக்கு விலையாக வீட்டுவேலையைக் கேட்கின்றனர்; படத்திலோ எவரும் கேளாமலே அவள் பெருக்கித் துலக்கத் தொடங்குகிறாள். ஒப்பந்தமாக இருந்த உழைப்பு இயல்பாக மாறிவிட்டது. கிரிம் கதையில் இல்லாத முத்தமும் புகுத்தப்பட்டது.

இப்படத்தை ஆக்கிய உழைப்பு எவ்வாறு பங்கிடப்பட்டிருந்தது? டிஸ்னி கலைக்கூடத்தில் பெண்கள் பெரும்பாலும் ஆண்கள் வரைந்த உருவங்களைச் செல்லுலோயிட் தாள்களில் மையால் படியெடுக்கவும் வண்ணந் தீட்டவுமே அமர்த்தப்பட்டனர். 1938 இல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு, ஆக்க வேலை முழுவதும் இளைஞர்களுக்கே உரியது என அங்கிருந்து மறுமொழி சென்றது. பெண்களுக்கு ஆற்றலின்மையே காரணமெனச் சொல்ல வழியில்லை. ‘ஸ்னோ வைட்’டுக்குப் பதினோராண்டு முன்னரே, 1926 இல், ஜெர்மனியில் லொட்டே ரைனிகர் என்னும் பெண்மணி கத்தரிக்கோலால் வெட்டிய நிழலுருவங்களைக் கொண்டு ‘இளவரசர் அக்மது’ என்னும் முழுநீளப் படத்தை ஆக்கியிருந்தார். இன்று எஞ்சியுள்ள முழுநீளக் கார்ட்டூன் படங்களுள் மிகப் பழையது அதுவே.

காலம் மாறிவிட்டது, இன்றைய கதாநாயகிகள் வாளேந்துகின்றனர் என்பர். உண்மையே; எனினும் சற்று உற்று நோக்குதல் நன்று. டிஸ்னியின் இளவரசிப் படங்களின் உரையாடலை அமெரிக்க மொழியியலாளர் இருவர் அளந்து 2016 இல் முடிவுகளை வெளியிட்டனர். 1937 முதல் 1959 வரை வந்த மூன்று படங்களில் பெண்கள் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ பேசுகின்றனர். 1989 இல் வந்த கடற்கன்னிப் படத்தில் 68 சதவீதப் பேச்சு ஆண்களுடையது. படைவீராங்கனையைப் போற்றும் ‘முலான்’ படத்தில், 1998 இல், அது 77 சதவீதம். நாயகி துணிந்தவளானாள், ஆனால் அவளைச் சூழ்ந்த படைவீரன், கடைக்காரன், கோமாளி, தோழன் அனைவரும் ஆண்களாயினர். ஒருத்திக்கு விதிவிலக்கு அளித்து விதியைக் காத்துக்கொள்ளும் தந்திரத்தைச் சமுதாயத்தில் நாம் காணாததா?

இவ்விடத்து ஓர் அறவினா எழுகின்றது. முன்னோர் கதையை நம் கொள்கைக்கேற்ப மாற்றுவது முறையா? அரசவையும் நடுத்தர வர்க்கமும் படமுதலாளியும் மாற்றிய கதையை, மாற்றலாகாது என நமக்கு மட்டும் விதிப்பது நீதியாகாது. அதற்காகப் பழைய கதைகளைத் தடைசெய்வதும் தகாது. மறைக்கப்பட்ட கதை பிள்ளைக்குச் சிந்தனையைத் தராது. நூற்பாவைக் கொண்டு கட்டிய கதையும், கலையழகின்றி, அதனைக் கவராது. ஒரே கதையின் இருவேறு வடிவங்களை வகுப்பறையில் அருகருகே வைத்து, “இதனை மாற்றியவர் யார்? யாருக்காக மாற்றினார்?” என்று வினவச் செய்வதே ஆசிரியரால் இயலும் பெரும் பணி.

இது பெண்பிள்ளைகளின் நலனுக்கு மட்டும் உரியதன்று. 1937 ஆம் ஆண்டுப் படத்தில் அந்த இளவரசனுக்கு ஒரு பெயர்கூட இல்லை. மீட்பதைத் தவிர அவனுக்கு வாழ்வும் இல்லை. அஞ்சவும் அழவும் உதவி கேட்கவும் உரிமையற்றவனாக ஆண்பிள்ளையை வளர்ப்பதும் ஒரு கொடுமையே. கதையை ஆக்கியவர் மனிதரே என்பதை அறிந்த பிள்ளை, அக்கதை காட்டும் உலகையும் மனிதரே ஆக்கினர் என ஒருநாள் அறியும். ஆக்கப்பட்டதை மாற்றவும் இயலும் என்பது அதன் அடுத்த பாடமாகும்.