மீதியான துணிக்கைகள்



ஐந்து அப்பங்களைப் பலுகச் செய்து ஐயாயிரம் பேரைப் போஷித்த நமதாண்டவர், அனைவரும் திருப்தியடைந்தபின், ஒன்றும் வீணாகாதபடி மீதித் துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. சர்வ வல்லபருக்கு அந்தத் துணிக்கைகள் எதற்கு? நமக்குப் பாடம் கற்பிக்கவே. அவையும் ஏழைகள் உண்ணும் வாற்கோதுமை அப்பங்களே.

நம் வீடுகளில் நடப்பதென்ன? பெரிய மார்க்கெட்டில் வாங்கிய கீரை வாடிக் குப்பைக்குப் போகிறது. கேழ்வரகுக் கூழென்றால் பிள்ளைகள் முகஞ்சுளிக்கிறார்கள். உணவை எறிவது ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்குச் சமானமென்று பிரான்சிஸ் பாப்பரசர் 2013 ஜூன் 5-ந் தேதி போதித்தார்.

இதைக் காதால் கேட்டால் போதாது, கை பழகவேண்டும். 1968-ல் ஆரோவில் ஸ்தாபிக்கப்பட்டபோது, நம் நகருக்கு வடக்கேயுள்ள அந்த மேட்டுநிலம் மழை அரித்த செம்மண் பொட்டல். வந்தவர்கள் வரப்புக் கட்டி மழைநீரைத் தேக்கினார்கள், மரம் நட்டார்கள், இன்று அங்கே காடு நிற்கிறது. அங்குள்ள சாலிட்யூட் பண்ணையில், களையென்று நாம் பிடுங்கியெறியும் செடிகளில் எவை உணவாகுமென்று கற்பித்து, விளைந்ததையே சமைத்துப் பரிமாறுகிறார்கள். 2013-ல் காலஞ்சென்ற நம்மாழ்வார் கரூர் மாவட்டத்தில் ஏற்படுத்திய வானகத்திலும் இயற்கை வேளாண்மைப் பயிற்சி நடக்கிறது.

"அவர்கள் நம் வேதத்தாரல்லவே" என்பீர்களோ? மண்ணைச் சிருஷ்டித்தவர் ஒருவரே. ஆதித்தகப்பன் பாவம் செய்யுமுன்பே, சிங்காரவனத்தைப் பண்படுத்திக் காக்கும் வேலையைச் சர்வேசுரன் அவனுக்குக் கொடுத்தார். ஆகையால் தோட்டவேலை தண்டனையல்ல. மனிதனுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம்.

பிள்ளைகளோடு இவ்வாரமே தொடங்குங்கள். துளையிட்ட பழைய பானையில் காய்கறித் தோலையும் காய்ந்த சருகையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல், அவ்வப்போது கிளறிவிடுங்கள். சில மாதங்களில் நல்ல எருவாகும். இன்னொரு தொட்டியில் முளைக்கீரை விதையுங்கள். ஒரு மாதத்திற்குள் குழம்புச் சட்டிக்கு வரும். வெள்ளிக்கிழமை ஒரு வேளை கூழுண்டு, மிச்சமான காசை ஏழைகள் உண்டியலில் போடுங்கள்.

கூழ் காய்ச்சவும், வடகம் பிழியவும், விதை சேர்க்கவும் அறிந்த பாட்டிமார் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களோடு அந்த வித்தையும் கல்லறைக்குப் போகவிடலாமா? பேரப்பிள்ளைகளை இன்றே அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாட்டியின் கைப்பழக்கமும் ஒரு துணிக்கையே, அதுவும் வீணாகாதிருப்பதாக. ஆமென்.